உம்மாவின் நிறம்

நமது தங்கைக்குத் தாயின் முகம் நினைவில் இல்லை. 1982இல் உம்மா மௌத்தானபோது அவளுக்கு வயது ஐந்து, நமக்குப் பதினொன்று. பெருநாள் காலையில் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்த கையின் சூடு மட்டுமே தனக்கு மிஞ்சியிருக்கிறது என்று அவள் சொல்வாள். முகம் எங்கே என்று கேட்டால் அவள் எடுத்துக் காட்டுவது ஒரேயொரு புகைப்படத்தைத்தான். 1978இல் திருநெல்வேலிச் சந்திப்பில் இருந்த ஒரு கடையில் எடுத்த, அஞ்சலட்டை அளவுள்ள வண்ணப்படம் அது.

அப்படத்தில் உம்மா மர நாற்காலி ஒன்றில் அமர்ந்திருக்கிறார்கள். மடியில் ஒரு வயதுத் தங்கை. பக்கத்தில் கால்சட்டையும் தொப்பியுமாக ஏழு வயதில் நாம். உம்மாவின் தலையையும் தோளையும் வெள்ளைத் துப்பட்டி மூடியிருக்கிறது. உடுத்தியிருப்பது நமது பாட்டனார் தம் தறியில் நெய்து கொடுத்த சேலை. வாப்பா வெளியூரிலிருந்து வந்திருந்த சமயம் அது. கறுப்பு வெள்ளை வேண்டாம், வண்ணப்படமே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்களாம். படச்சுருளைச் சென்னைக்கு அனுப்பி அச்சிட்டு வரவழைக்க ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று என்று பின்னாளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். படச்சுருள் கடையோடு போயிற்று. கடையும் இன்று இல்லை. எஞ்சியிருப்பது அந்த ஒரு பிரதி மட்டுமே.

2024ஆம் ஆண்டில் ஒரு நாள் தங்கை அதைக் கொண்டுவந்து நம் கையில் வைத்தாள். “காக்கா, இது வருடா வருடம் சிவந்துகொண்டே போகிறது. எனக்கொன்று, மகளுக்கொன்று பெரிதாக அச்சிட்டுத் தாருங்கள். உம்மா எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

“எப்படி இருந்தார்களோ அப்படியே” என்ற சொல்லில் ஒரு சங்கதி உண்டு. நம் உம்மா நல்ல கறுப்பு. “பெண் நல்ல பெண்தான், நிறம்தான் கொஞ்சம் குறைவு” என்று அவர்கள் கலியாணப் பேச்சின்போது சொன்னவர்கள் உண்டு. அந்தச் சொல்லை உம்மா மறந்ததில்லை என்று சாச்சி கூறுவார்கள். தங்கைக்கும் அதே நிறம். தங்கை மகளுக்கும் அதே நிறம். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அன்று உம்மாவைப் பற்றிச் சொன்ன அதே சொல், ஒரு தலைமுறை கடந்து மறுபடியும் எங்கள் வாசற்படி ஏறியிருந்தது.

முதலில் படத்தைக் கடைத்தெருவில் உள்ள ஒரு புகைப்படக் கடையில் கொடுத்தோம். இரண்டு நாளில் பளபளவென்று அச்சிட்டுத் தந்தார்கள். கையில் வாங்கிப் பார்த்த நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியில் அமர்ந்திருந்தது யாரோ ஒரு சிவந்த பெண்மணி! கேட்டபோது, “எல்லாருக்கும் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித்தான் கொடுப்போம் சார், அதுதான் பிடிக்கும்” என்று பணிவாகவே பதில் சொன்னார் அந்த இளைஞர். அவர்மீது நமக்குக் கோபமில்லை. கேட்டுப் பழகியதை அவர் கொடுக்கிறார். ஆயினும் கேளாமல் செய்த அந்த உபகாரத்தைத் தங்கைக்குக் காட்ட நமக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே அச்சிடுவது என்று தீர்மானித்தோம்.

வீட்டில் பிள்ளைகளின் பாடவேலைக்காக வாங்கிய அச்சுப்பொறி ஒன்று இருந்தது. புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் வகை. அதன் மேல்மூடிக்கு அடியிலேயே படத்தைப் பிரதியெடுத்துக் கணினிக்கு அனுப்பும் கண்ணாடியும் உண்டு. நல்ல போட்டோ தாள் ஒரு கட்டு வாங்கினோம். படத்தைக் கணினியில் ஏற்றினோம். சில இரவுகள் இஷாத் தொழுகைக்குப் பின் அமர்ந்து, சிவப்பைக் குறைத்தும் நீலத்தைக் கூட்டியும், திரையில் திருப்தியாகத் தெரிந்த பிறகு அச்சிட்டோம்.

வந்து விழுந்த படத்தை என்னவென்று சொல்வது? திரையில் இருந்ததற்கும் தாளில் வந்ததற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. துப்பட்டி இளஞ்சிவப்பாயிற்று. நிழல்களெல்லாம் ஒரே இருட்டு. மீண்டும் திருத்தி மீண்டும் அச்சிட்டோம். பன்னிரண்டு தாள் வீணான பிறகு அச்சுப்பொறியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று தோன்றிற்று. ஒருவர் மையை மாற்றச் சொன்னார். மற்றொருவர் பொறியையே மாற்றச் சொன்னார்.

அந்த வேளையில் பாட்டனாரின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. தறியில் ஓடுகிற துணியில் கோளாறு கண்டால் அவர்கள் நாலு இடத்தில் கை வைக்க மாட்டார்கள். பாவைப் பார்ப்பார்கள், அது சரியென்றால் ஊடையைப் பார்ப்பார்கள், பிறகு அச்சு, பிறகு மிதி. ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் நிரபராதி என்று விடுதலை செய்த பிறகே அடுத்ததைத் தொடுவார்கள். நாமோ படத்தைத் திருத்துவதும், பொறியின் அமைப்பை மாற்றுவதும், தாளைத் திருப்பிப் போடுவதுமாக ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டிருந்தோம். எது கெட்டது, எது நல்லது என்று எப்படித் தெரியும்?

எனவே முதற்காரியமாக உம்மாவின் படத்தை ஒதுக்கி வைத்தோம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் நிறம் படிப்படியாக வெளுத்துச் செல்லும் ஒரு பட்டையையும், பழங்களும் பல நிற மனித முகங்களும் உள்ள ஒரு சோதனைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, எதையும் திருத்தாமல் அப்படியே அச்சிட்டோம். சாம்பல் பட்டை மிகவும் நேர்மையான சாட்சி. அதில் எந்த நிறமும் இருக்கக் கூடாது. சிவப்போ பச்சையோ சிறிதளவு ஏறினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். நம் பட்டை சிவந்தே வந்தது. ஆகவே குற்றம் உம்மாவின் பழைய படத்தில் மட்டும் இல்லை, அச்சிடும் வழியிலும் இருக்கிறது என்று தெளிவாயிற்று.

அடுத்து மைத்துளைகளைச் சோதித்தோம். அச்சுப்பொறியின் தலைப்பகுதியில் தலைமுடியிலும் மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நீலமும் பச்சையும் கலந்தாற்போன்ற சயான், இளஞ்சிவப்பான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் அவற்றின் வழியே துளித்துளியாகத் தெறிக்கின்றன. பல நாள் அச்சிடாமல் விட்டால் மை உலர்ந்து துளை அடைத்துக்கொள்ளும். இதைக் கண்டறிய ஒவ்வொரு பொறியிலும் ஒரு சோதனைக் கோலம் உண்டு. அதை அச்சிட்டபோது சயான் கோடுகள் ஆங்காங்கே அறுந்திருந்தன. சயான் குறைந்தால் படம் சிவக்கும் என்பதில் வியப்பில்லை. பொறியிலேயே உள்ள துப்புரவு முறையை இருமுறை இயக்கினோம். முழுவதும் சீராகவில்லை. தொடர்ந்து இயக்கினால் மைதான் வீணாகும். ஆகவே ஓரிரவு அப்படியே விட்டு, ஊறிய மறுநாள் மீண்டும் ஒருமுறை இயக்கினோம். கோடுகள் அறுபடாமல் வந்தன. அன்று முதல் வாரத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஒரு வண்ணப் பக்கத்தை அச்சிடுவது வீட்டு வழக்கமாயிற்று.

மூன்றாவது தாள். போட்டோ தாளைப் போட்டுவிட்டு, பொறியிடம் அது சாதாரணத் தாள் என்றே சொல்லி வைத்திருந்தோம்! அச்சிடும் முன் திரையில் தோன்றும் பட்டியலில் தாளின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. சாதாரணத் தாள் மையை உறிஞ்சும். பூச்சுள்ள போட்டோ தாள் மையை மேலேயே தாங்கும். தாளின் வகையை வைத்தே எந்த மையை எவ்வளவு தெளிப்பது என்று பொறி கணக்கிடுகிறது. நாம் சொன்னது பொய்யென்றால் அதன் கணக்கும் பொய்யாகும். தாளில் எந்தப் பக்கம் பூச்சு இருக்கிறது என்ற ஐயம் எழுந்தால், சற்று ஈரமான விரல்நுனியை மூலையில் வைத்தால் போதும். ஒட்டுகிற பக்கமே அச்சிட வேண்டிய பக்கம்.

நான்காவது கோளாறுதான் நம்மைப் பல நாள் ஏமாற்றியது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் கூடினால் வெண்மை. தாளோ ஒளியைத் தான் உண்டாக்குவதில்லை. மேலே விழும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்க, மீதியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஆகவே திரையின் மொழியிலிருந்து தாளின் மொழிக்கு ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. இதற்கென ஒவ்வொரு பொறிக்கும் தாளுக்கும் ஏற்ப வண்ணக் கணக்குக் கோப்புகள் இருக்கின்றன. பலவகைக் கருவிகளும் ஒரே முறையில் அவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே 1993இல் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு ஒன்றும் தொடங்கப்பட்டது.

நம் கணினியில் என்ன நடந்தது எனில், படத்தைத் திருத்தும் செயலி ஒருமுறை மொழிபெயர்த்தது. பொறியை இயக்கும் மென்பொருளோ, வந்தது மூலம் என்று எண்ணி இரண்டாம் முறையும் மொழிபெயர்த்தது. ஒரே கடிதத்தை இருவர் அடுத்தடுத்துப் பெயர்த்தால் பொருள் எப்படித் திரியுமோ அப்படி நிறமும் திரிந்தது. இவ்வாறு இருமுறை திருத்தம் ஏறும்போது படம் மெஜந்தாப் பக்கம் சாய்வது பலரும் காண்கிற அடையாளம். ஒருவரை மட்டும் வேலை செய்ய விட வேண்டும். செயலி நிறத்தைக் கவனிப்பதாயின் பொறியின் மென்பொருளில் வண்ணத் திருத்தத்தை நிறுத்த வேண்டும். பொறியிடமே விடுவதாயின் செயலி விலகி நிற்க வேண்டும். நாம் முதல் வழியைக் கொண்டோம். அன்று அச்சான சாம்பல் பட்டை முதன்முறையாகச் சாம்பலாகவே வந்தது. அந்தச் சிறு பட்டையைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்தோம் என்று சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள்.

வேறு நிறுவனத்தின் மையை ஊற்றுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொறியோடு வரும் கணக்குக் கோப்பு அதற்குரிய மையை வைத்து எழுதியது. மை மாறினால் கணக்கும் மாறவேண்டும். விலை குறைந்த மை தவறென்று நாம் சொல்லவில்லை. பழைய கணக்கு அதற்குப் பொருந்தும் என்று எண்ணுவதே தவறு.

பட்டை சரியாயிற்று. உம்மாவின் படத்தை மீண்டும் எடுத்தோம். அச்சிட்டால் இருட்டாகவும், இப்போது நீலம் பாய்ந்ததாகவும் வந்தது! பொறி நிரபராதி என்று தெரிந்துவிட்டபடியால், திருத்தியவரைத்தான் விசாரிக்க வேண்டும். திருத்தியது நாம். திருத்திய நேரம் இரவு. நம் கணினியில், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாலை ஏழு மணிக்குமேல் திரை தானாக மஞ்சளாகும் வசதியைப் பிள்ளைகள் அமைத்து வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசிய திரையைப் பார்த்து, படம் மஞ்சளாக இருக்கிறது என்று எண்ணி, இல்லாத நோய்க்கு நீலத்தை மருந்தாக ஊற்றியிருக்கிறோம்.

இருட்டாக வந்ததற்கும் திரையே காரணம். அச்சுக்காகப் படம் திருத்துவோர் திரையின் வெண்மையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கண்டெலா அளவில் வைத்துக்கொள்வது வழக்கம். புதிய திரைகள் பலவற்றின் முழு வெளிச்சம் அதைப்போல் இருமடங்குக்கு மேல். அவ்வளவு வெளிச்சத்தில் இருட்டும் பளிச்சென்று தெரியும். தாளுக்கு வந்தால் குட்டு வெளிப்படும். அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. வெள்ளைத் தாளொன்றைத் திரைக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெண்மை அத்தாளின் வெண்மைக்கு இறங்கும் வரை வெளிச்சத்தைக் குறைத்தோம். அளவுகோலாக அது போதவில்லை என்று நிபுணர் சொல்லலாம். ஆனால் வீட்டு வேலைக்குப் போதியதாக இருந்தது.

ஆயினும் ஒரு புதிர் மிஞ்சிற்று. இரவில் கூடத்தின் மஞ்சள் விளக்கில் நன்றாக இருந்த பிரதி, அடுக்களையின் வெள்ளை விளக்கில் வெளிறித் தெரிந்தது. முற்றத்தில் மற்றொரு விதமாக இருந்தது. இங்கும் பாட்டனாரே கைகொடுத்தார்கள். சாய நூல் வாங்கும்போது அவர்கள் கடைக்குள் நின்று பார்க்க மாட்டார்கள். பழைய நூல் கழியையும் புதியதையும் வெளியே கொண்டுவந்து, நேர் வெயில் படாத காலை வெளிச்சத்தில் அருகருகே பிடித்துப் பார்ப்பார்கள். “விளக்கு வெளிச்சத்தில் நூலும் பொய் சொல்லும்” என்பது அவர்கள் வாக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த நெசவாளர் அறிந்திருந்ததையே, படங்களை ஒப்புநோக்குவதற்கான பன்னாட்டுத் தரவிதி 5000 கெல்வின் ஒளி என்று எண்ணில் சொல்கிறது. மஞ்சள் விளக்கு 2700 கெல்வின் அளவில் இருக்கும்; வெள்ளை விளக்கு பெரும்பாலும் 6500. ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் மற்றோர் ஒளியில் வேறுவேறாகப் பிரிவதும் உண்டு.

இந்த உண்மைக்கு வயது அதிகம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரே பொருளின் நிறம் வலிய ஒளியில் தெளிந்தும் மெலிந்த ஒளியில் கலங்கியும் தோன்றுவதை அவர் எடுத்துக்காட்டினார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1861இல், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இலண்டனில் மூன்று ஒளிகளைக் கூட்டி ஒரு வண்ணப்படத்தைத் திரையில் காட்டினார். அவர் அதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் நெய்த கட்டங்களுள்ள ஒரு துணிநாடா! வண்ணப்படத்தின் வரலாறே ஒரு நெசவுத் துணியில் தொடங்குகிறது என்றறிந்தபோது, நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகிய நமக்குள் சிறிது பெருமை எழுந்ததை மறைக்க முடியவில்லை.

பொறி சரி, தாள் சரி, திரை சரி, வெளிச்சமும் சரி. இனிமேல் உம்மாவின் படம். அதன் சிவப்புக்குக் காரணம் வயது. 1970களின் வண்ணப் படத்தாள்களில் சயான் சாயம் வலுக்குறைந்தது. வெயிலே படாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் அது மெல்ல மெல்ல மங்கும். சயான் மங்கினால் எஞ்சுவது சிவப்பு. உம்மாவின் கூந்தல் கறுப்பிலிருந்து செம்பழுப்பாகியிருந்தது. துப்பட்டியின் நிழல்கள் ரோஜா நிறமாகியிருந்தன. கூந்தல் கறுப்பாக வேண்டும், துப்பட்டி வெள்ளையாக வேண்டும் என்ற இரண்டையும் எல்லைக்கற்களாக நட்டுக்கொண்டு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தினோம்.

அப்படித் திருத்தியபோது ஒரு விபரீதம் நேர்ந்தது. சேலை பச்சையாக மாறிற்று!

நமக்கு நன்றாகத் தெரியும், அது காப்பிப்பொடி நிறச் சேலை. கண்ணை மூடினால் அந்தச் சேலையோடுதான் உம்மா வருவார்கள். எனவே நம் திருத்தம் தவறென்று எண்ணி, சேலையைப் பழுப்பாக்க முயன்றோம். சேலை பழுப்பானால் துப்பட்டி சிவந்தது. துப்பட்டியை வெளுத்தால் சேலை பச்சையாயிற்று. இரண்டும் ஒருசேர அமையவில்லை. இந்த வழக்கைத் தீர்க்க ஒரே ஒருவர்தான் இருந்தார்கள். உம்மாவின் தங்கையாகிய சாச்சி. அவர்களுக்கு வயது எழுபத்தெட்டு.

இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு சாச்சி வீட்டிற்குச் சென்றோம். ஒன்றில் சேலை பழுப்பு, மற்றதில் பச்சை. எதுவும் சொல்லாமல் முன்னால் வைத்தோம். சாச்சி பழுப்பைத் தள்ளிவிட்டார்கள். “இது என்ன வாப்பா, அழுக்குத் துணி மாதிரி? எங்க வாப்பா ராத்தாவுக்கு நெய்தது இலைப்பச்சை. கரைதான் சிவப்பு” என்றார்கள்.

“சாச்சி, நன்றாக நினைவிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டோம்.

சாச்சி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறக்கும் ஓசை கேட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொதியோடு திரும்பினார்கள். உம்மா மௌத்தான பிறகு அச்சேலையைக் கிழித்துப் பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டினார்களாம். மிஞ்சிய ஒரு முழத் துண்டை மட்டும் மடித்து வைத்திருக்கிறார்கள். விரித்தோம். வெளிமடிப்பு வெளிறியிருந்தது. உள்மடிப்பில், வெளிச்சம் படாத இடத்தில், மழைக்காலத்து மாவிலைபோல் பச்சை! ஓரத்தில் சிவப்புக் கரை.

நாற்பத்தாறு ஆண்டுகளாக நாம் நினைவு என்று நம்பியது நினைவே அல்ல. மங்கிக்கொண்டே வந்த அப்படத்தை ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்து, அதன் மங்கலையே உம்மாவின் சேலையாக மனத்தில் எழுதி வைத்திருக்கிறோம். படம் மங்கியதோடு நம் நினைவும் கூடவே மங்கியிருக்கிறது. நமக்கு அது தெரியவேயில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் பேசாமல் இருந்தோம்.

சாச்சிக்கு இரண்டு மாதங்களுக்கு முன் வலக்கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடக்கண்ணுக்கு இன்னும் எடுக்கவில்லை. நாம் கொண்டுசென்ற பச்சைப் பிரதியை ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இந்தக் கண்ணுக்குப் பச்சை துலக்கமா இருக்கு, அந்தக் கண்ணுக்கு எல்லாம் மஞ்சள் படிஞ்ச மாதிரி இருக்கு. எது வாப்பா நிஜம்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிப் பழுப்பாகிறது. நீல ஒளியை அது தடுத்துவிடுகிறது. புகழ்பெற்ற ஓவியர் குளோத் மொனேக்கும் புரையால் வண்ணங்கள் திரிந்தன. 1923இல் அவர் அறுவை செய்துகொண்டார். பார்க்கிற கண்ணையும் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதைச் சாச்சியின் இரு கண்களும் நமக்கு உணர்த்தின.

சேலைத் துண்டை இரவல் கேட்டோம். “பத்திரமாகக் கொண்டு வா” என்று கொடுத்தார்கள். மறுநாள் சுபுஹுக்குப் பின் பொழுது நன்றாக விடியும்வரை காத்திருந்து, முற்றத்தில் நிழலான இடத்தில் துண்டின் உள்மடிப்பையும் அச்சிட்ட பிரதியையும் அருகருகே வைத்தோம். சற்றே வேறுபட்டது. மேலும் இருமுறை திருத்தினோம். அச்சிட்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு நாள் உலரவிட்டுப் பார்த்தோம். ஈரம் அடங்க அடங்க நிறமும் சற்று அடங்குகிறது. துணியின் பச்சை முழுவதும் தாளில் வரவில்லை. ஒளியோடிருக்கும் சில பச்சைகளையும் நீலங்களையும் நான்கு மைகளால் எட்ட முடியாது. அதற்குப் பொறியைக் குறைகூறிப் பயனில்லை. எட்டக்கூடிய அளவுக்கு எட்டியது.

சேலையும் துப்பட்டியும் கூந்தலும் தத்தம் இடத்தில் நின்றபோது, முகமும் தானே வந்து நின்றது. அதை நாம் தனியே தொடவே இல்லை. கடைசியாக ஒரு தடை மட்டும் இருந்தது. படத்தைச் சேமிக்கும்போதெல்லாம் செயலி ‘தானியங்கி மேம்பாடு’ என்று ஒரு வசதியை முன்னே நீட்டியது. ஒருமுறை அழுத்திப் பார்த்தோம். உம்மாவின் முகம் இரண்டு படி வெளுத்தது. கடைக்கார இளைஞர் செய்ததையே இயந்திரமும் செய்கிறது! அதை நிறுத்திவிட்டு அச்சிட்டோம்.

முதற்பிரதியைச் சாச்சியிடம் கொண்டுபோனோம். துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்திற்கு வந்து, வலக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார்கள். “எங்க ராத்தா இதுதான். இந்தக் கறுப்புதான்” என்றார்கள். பிறகு, “ராத்தா முகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும், பார்த்தியா, வந்திருக்கு” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்கள். வெளுத்த பிரதியில் அந்தப் பளபளப்பு இல்லை. கறுத்த முகத்தில்தானே அது துலங்கும்!

வீட்டில் படம் அச்சிடும் அன்பர்களுக்கு நாம் பட்ட பாட்டின் சாரத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். நிறம் பிறழ்ந்தால் முதலில் சாம்பல் பட்டையை அச்சிடுங்கள். பிறகு மைத்துளை, தாளின் வகை, இருமுறைத் திருத்தம், திரையின் மஞ்சளும் வெளிச்சமும், பார்க்கும் இடத்தின் விளக்கு, மூலப் படத்தின் வயது என்று இதே வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைப் பிரதியின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். பழைய வண்ணப்படம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றே கணினியில் பிரதியெடுத்து வையுங்கள். அது பெட்டிக்குள்ளும் மங்கிக்கொண்டேயிருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்பதை நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள்.

தங்கைக்கான பிரதியை ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தோம். அவள் எதுவும் பேசவில்லை. படத்தின் அருகே தன் கையை வைத்துப் பார்த்தாள். உம்மாவின் கையும் அவள் கையும் ஒரே நிறமாக இருந்தன. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தங்கை மகள் மட்டும் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவள் படமொன்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் அவள் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்ததை நாமும் கண்டிருக்கிறோம். சற்றுக் கழித்து நிமிர்ந்தாள்.

“மாமா, என்னையும் ஒரு படம் எடுத்து அச்சிட்டுத் தாருங்கள். அனுப்பினால் அதையே அனுப்பட்டும்” என்றாள்.

மறுநாள் காலை முற்றத்து நிழலில் அவளை அமர்த்திப் படம் எடுத்தோம். அதே தாள், அதே அமைப்பு. முகத்தில் எதையும் திருத்தவில்லை.